மத்தியானத்தில் மஞ்சளாகும் நாற்காலிகள்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே கன்ட்ரோலர் இருந்தது, முழ நீளத்தில் ஒரு இரும்புக் கம்பி இருந்தது, ஒரு சுருள் ஒயர் இருந்தது, உடையாமல் இருக்கச் சுற்றிய பழைய துணிகூட இருந்தது. உன் கையெழுத்தில் ஒரு வரி இல்லை. துணியை உதறியும் பார்த்துவிட்டேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாக நடக்கிறார், வேகமாக எரிந்து விழுகிறார். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இனி சூட்டில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை மாரடைப்பு வந்தால் தன் கையில் எதுவும் இல்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நம் பட்டறை ஓவன் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். பவுடர் பெயின்ட் அடித்த சாமானை உள்ளே தொங்கவிட்டு, பெயின்ட் உருகிப் பிடிக்கிற வரை சுட வேண்டும். பழைய முள் மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஹீட்டரைப் போட்டு, கையால் நிறுத்தி, இத்தனை வருஷமும் அதன் முன்னால் நின்றது அவர்தான். இப்போது கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிற நாற்காலிக்காரருக்கு வெள்ளை நாற்காலிகள் செய்து கொடுக்க வேண்டும். உன் கன்ட்ரோலர் பெட்டி தானாக ஓவனைப் பார்த்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் அவர் போய் நிற்பார். நான் குறுக்கே படுத்தாலும் தாண்டிப் போய் நிற்பார்.

அதனால் இதை எப்படி மாட்டுவது என்று எழுது. வெளியாளைக் கூப்பிட்டால் உன் அண்ணன் அவனோடு சண்டை போடுவார், அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. நானே மாட்டுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் நீ என்னைச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

கடிதம் எழுதினேன் அண்ணி. எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள் படகு கிளம்புகிறது என்று சத்தம் போட்டார்கள், பெட்டியை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டேன். இந்த நடுக்கடல் எண்ணெய் மேடையில் எரிவாயு பயத்தினால் எங்கள் போன்களைக் கரையிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு படகு. அதில்தான் அரிசியும் வரும், தபாலும் வரும். யோசித்து எழுதுகிற பழக்கமே இல்லாத எனக்கு இது சரியான தண்டனை.

வராந்தா விஷயத்தை நானும் இதில் எழுதவில்லை. பயந்துகொண்டுதான் எழுதவில்லை, மறந்து அல்ல.

வேலைக்கு வருகிறேன். முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் கையில் கொடுக்காதீர்கள், சும்மா பார்க்கலாம் என்று மாட்டிவிடுவான். பழைய மீட்டர் இருந்த ஓட்டையிலேயே கம்பியைச் செருகி இறுக்குங்கள். அதுதான் சென்சார். உள்ளே தொங்குகிற நாற்காலி அதில் இடிக்கக் கூடாது. கம்பியின் தலையில், ஓவனுக்கு வெளிப்பக்கம், ஒரு சின்ன டப்பா இருக்கும். அதிலிருந்து கன்ட்ரோலர் வரை நான் அனுப்பிய சுருள் ஒயர்தான் போக வேண்டும். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, வீட்டில் கிடக்கிற வேறு ஒயரைச் சேர்க்கக் கூடாது. அதற்குள் இரண்டு இழை இருக்கும். மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். கரன்ட் ஒயர் போகிற குழாயில் இதை விடாதீர்கள், திரையில் எண் தாறுமாறாகக் குதிக்கும்.

ஹீட்டரை நேராகப் போட்டு நிறுத்துகிற பலம் கன்ட்ரோலருக்குக் கிடையாது. அந்த வேலையைப் பலகையில் இருக்கிற கான்டாக்டர் என்கிற பெரிய ஸ்விட்சே செய்யும். இது அதற்குக் கட்டளை மட்டும் கொடுக்கும், அண்ணன் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே. பின்பக்கம் ஒட்டியிருக்கிற படத்தில் எந்தத் திருகு எதற்கு என்று இருக்கிறது. ஒவ்வொரு ஒயரையும் மாட்டியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் திரும்ப இறுக்குங்கள். இருநூறு டிகிரி என்று வையுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அண்ணனை ஓவன் பக்கம் விடாதீர்கள். கதவில் ஆணி அடித்தாவது வையுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 27

சின்னவளுக்கு,

மாட்டிவிட்டேன்.

இதை இன்னும் இரண்டு தரம் எழுத ஆசையாக இருக்கிறது, காகிதம் வீணாகும். உன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் வண்டிகளுக்கு ஒயரிங் செய்தவர் அல்லவா, அந்தக் காலத்து அதிகாரம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை அப்படிப் பிடிக்காதே, ஒயரை அவ்வளவு உரிக்காதே என்று ஒரே ஆர்ப்பாட்டம். உன் கடிதத்தை வாங்கிப் படித்து நடுவில் சிரித்தார். "படிச்சவதான், ஆனா அவசரம் மட்டும் போகல அவளுக்கு" என்றார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று, அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பழைய மீட்டரைக் கழற்றும்போது கண்ணாடி உடைந்துவிட்டது. போனால் போகட்டும். ஃபியூஸை மாட்டி மெயினைப் போட்டதும் உன் பெட்டியில் சிவப்பாக எண் வந்தது. சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டரில் என்ன இருந்ததோ அதேதான். சூடு ஏற ஏற எண்ணும் ஏறியது. இருநூறு வந்ததும் கான்டாக்டர் டக்கென்று விட்டது, கொஞ்சம் இறங்கியதும் டக்கென்று பிடித்தது. நானும் பெயின்ட் அடிக்கிற அக்காவும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். முதல் நாற்காலிகள் பால் மாதிரி வெளியே வந்தன.

உன் அண்ணன் எழுந்து வந்து ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்தார். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. பரவால்ல என்றார். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை.

அண்ணி


பிப்ரவரி 4

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் சத்தமாகப் படித்தேன். சமையல்காரர்கூடக் கை தட்டினார். உங்களுக்கு இங்கே வேலை தருகிறோம், வருகிறீர்களா என்று எங்கள் ஷிப்ட் மேஸ்திரி கேட்கச் சொன்னார். நீங்கள் வந்தால் என்னைத் துரத்திவிடுவார்கள் என்பதால் கேட்காமல் விடுகிறேன்.

அண்ணன் உட்கார்ந்திருக்கிறான் என்று படித்ததும்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

நாத்தனார்


பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். நாற்காலிகள் மஞ்சளாகின்றன.

எல்லாம் அல்ல, காலையில் போடுவது வெள்ளையாகவே வருகிறது. போகப் போகப் பழுப்பு ஏறி, மத்தியானத்துக்கு மேல் எடுப்பதெல்லாம் பல் விளக்காதவன் பல் மாதிரி வருகிறது. பெட்டியில் எண் மட்டும் அசையாமல் இருநூறிலேயே நிற்கிறது. பவுடர் பழசோ என்று புது மூட்டை பிரித்தோம், அப்படியேதான். பெயின்ட் அக்கா கனமாக அடிக்கிறாள் என்று உன் அண்ணன் அவளைச் சத்தம் போட்டார், அவள் ஒரு நாள் வரவில்லை. நாற்காலிக்காரர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே வெள்ளையாக வேண்டும், இல்லையென்றால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. பாதி சபை வெள்ளையும் பாதி சபை மஞ்சளுமாக யார் உட்காருவார்கள்?

நான் பயந்தபடியே ஆயிற்று. நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், உன் அண்ணன் ஓவன் முன்னால் நிற்கிறார். சட்டை முழுக்க வியர்வை. பெட்டியை அணைத்துவிட்டுப் பழையபடி கையால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மீட்டரும் இல்லாததால் கதவைக் கதவைத் திறந்து, உள்ளே முகத்தை நீட்டிப் பார்க்கிறார். நான் கத்தினேன். "ஒரு மெஷினை நம்பி பேரைக் கெடுத்துக்கச் சொல்றியா?" என்றார்.

கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெட்டி யாராவது உபயோகித்துக் கழித்துப் போட்டதா? உண்மையைச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

புதுப் பெட்டி அண்ணி. கரைக்குப் போனபோது நானே கடையில் நின்று, சீல் பிரிக்காமல் வாங்கியது. நீங்கள் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இந்த வரியை எழுதுவதற்குள் போய்விட்டது.

படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆபீஸ் போனில் பேச விடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். சாவு, பிரசவம் இரண்டுக்கு மட்டும்தான் என்றார். சாவு வராமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்றேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார், பாவம், நல்ல மனிதர்தான்.

மஞ்சளாகிறது என்றால் உள்ளே சூடு அதிகம். எண் இருநூறு என்கிறது. அப்படியென்றால் எண் பொய் சொல்கிறது, அதுவும் மத்தியானத்தில் மட்டும். கம்பி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? திருகு எதுவும் சூட்டில் தளர்ந்திருக்கிறதா? ஒயர் எங்கேயாவது ஓவன் தகட்டில் பட்டு உருகியிருக்கிறதா? மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. நேரில் இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பேன், அதை நினைத்தால் தண்ணீரில் குதித்து நீந்திவிடலாமா என்றிருக்கிறது.

இதை அண்ணனிடம் வாசித்துக் காட்டுங்கள். அண்ணா, நாற்காலி மஞ்சளானால் வெள்ளை அடித்துக்கொள்ளலாம். நீ போய்விட்டால் நான் யாரிடம் போய் அடம் பிடிப்பேன்? அப்பா அம்மா போனபின் எனக்குப் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டது நீ. தயவுசெய்து உட்கார்.

நாத்தனார்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

வாசித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் திரும்பப் போய் நின்றார். நேற்று மத்தியானம் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டால் அரிக்கிறது என்கிறார். நெஞ்சு அரித்தால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு தடவுவார்களா?

திருகெல்லாம் இறுக்கமாக இருக்கிறது. ஒயர் எங்கேயும் உருகவில்லை. கம்பி நட்டநடுவில் இருக்கிறது. அதற்குமேல் நீ சொன்னதில் எதுவும் மிச்சமில்லை என்பதால் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். எதிர்த்த பேக்கரிக்காரரிடம் ரொட்டி அடுப்பில் வைக்கிற தெர்மாமீட்டர் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, உன் கம்பிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன். காலையில் ஓவனைப் போட்ட கொஞ்ச நேரத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டின. மத்தியானம் உன் பெட்டி இருநூறு என்று சாதித்தபோது பேக்கரிக்காரருடையது இருநூற்று அறுபது காட்டியது. சாயங்காலம் ஓவன் பக்கத் தகட்டில் கை வைக்க முடியவில்லை, கம்பியின் தலையில் இருக்கிற டப்பாவும் அப்படியே கொதிக்கிறது.

இதை அவரிடம் காட்டினேன். பார்த்தியா, உன் பெட்டி பொய் சொல்லுது என்று இன்னும் உறுதியாகப் போய் நிற்கிறார். நல்லதுக்குச் செய்தது வினையாகப் போனது.

இப்போது எழுதிவிடுகிறேன். "ஓவன் முன்னால நிக்க வெச்சு அவனைக் கொன்னுட்டீங்க" என்று அன்றைக்கு வராந்தாவில் சொன்னாய். இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. அவர் நின்ற வருஷங்களிலெல்லாம் நான் சாப்பாட்டைக் கொண்டுபோய் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன், உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று ஒரு நாள் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். நீ சொன்னது சரிதானோ?

சீக்கிரம் எழுது.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

தெரிந்துவிட்டது. படகுக்காரர் காத்திருக்கிறார், கையெழுத்தை மன்னியுங்கள்.

அந்தச் சுருள் ஒயரில் சிவப்பு இழை எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். டப்பாவிலும் பிளஸ்ஸில், கன்ட்ரோலரிலும் பிளஸ்ஸில் இருக்கும். இருக்குமா இல்லையா, பந்தயம். வண்டி ஒயரிங்கில் சிவப்பு என்றால் பிளஸ். நான் மைனஸ் என்று எழுதியதைப் படித்துத்தான் அண்ணன் சிரித்திருக்கிறான். அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைத்து, உங்களை மாற்றி மாட்டச் சொல்லியிருப்பான். நான் மாற்றி எழுதவில்லை அண்ணி. இந்த ஒயரில் மட்டும் சிவப்புதான் மைனஸ். இப்படி ஒரு கூத்து உண்டு என்று நான் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏறும்போது எண் இறங்கியிருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டு முனையிலும் மாறியதால் எண் ஒழுங்காக ஏறுகிற மாதிரி நடித்தது. அந்த ஒயர் சும்மா கரன்ட் கொண்டுபோகிற ஒயர் இல்லை, டப்பாவுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கிற சூட்டு வித்தியாசத்தையும் அதுதான் கணக்கில் சேர்க்கும். மாற்றி மாட்டினால் சேர்ப்பதற்குப் பதில் கழிக்கும். காலையில் டப்பா குளிர்ந்திருக்கும், கழிக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் டப்பா கொதிக்கும்போது உள்ளே இருப்பதைக் குறைத்துக் காட்டும். பெட்டியும் போதவில்லை போதவில்லை என்று ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் டப்பாவைத் தொட்டுப் பார்த்து எழுதியிராவிட்டால் நான் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன்.

மெயினை அணைத்துவிட்டு இரண்டு முனையிலும் மாற்றுங்கள். பேக்கரிக்காரர் தெர்மாமீட்டரை உள்ளேயே தொங்கவிட்டு மத்தியானம் பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் சொன்னது சரியில்லை. அன்றைக்கு எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. அவனைத் திட்ட முடியவில்லை, மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். ஊரில் இல்லாத என்னைத் திட்டிக்கொள்ளத் தைரியம் இல்லை. பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். அவனை ஓவன் முன்னால் யாரும் நிறுத்தவில்லை அண்ணி, நிற்காதே என்றால் கேட்கிற ஆளா அவன்? என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் வந்தும் கேட்பேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 5

சின்னவளுக்கு,

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். அவர் சொன்னபடி மாற்றித்தான் மாட்டினேன், அது எழுத வேண்டிய விஷயமென்று எனக்குத் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்தபோது அவர் ஓவன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மெயினை அணைத்தேன், காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு அவரே டப்பாவின் மூடியைக் கழற்ற வந்தார். சூடு ஆறட்டும், நானே செய்கிறேன் என்றேன். சரி என்று ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு கருவி அவ்வளவு சுலபமாக என் கைக்கு வந்ததில்லை. இரண்டு முனையையும் மாற்றினேன். இழுத்தும் பார்த்தேன்.

பெயின்ட் அக்காவின் வீட்டுக்கு அவரே போய், உன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அவள் வந்தாள். காலையில் ஓவனைப் போட்டோம். மத்தியானம் பெட்டியும் பேக்கரிக்காரர் தெர்மாமீட்டரும் ஒரே பேச்சாகப் பேசின. கதவைத் திறந்தபோது எனக்குக் கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. பெயின்ட் அக்காதான் என் தோளில் தட்டினாள். வெள்ளை. சாயங்காலம் எடுத்ததும் வெள்ளை. காலையில் எடுத்ததோடு சேர்த்து வரிசையாக வைத்தால் எது எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நாற்காலிக்காரருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

நீ மன்னிப்புக் கேட்டாய். நேரில் வந்து கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். வருவது மட்டும் போதும், கேட்க வேண்டாம். கேட்டால் நான் அழுதுவிடுவேன், எனக்கு அழுதால் தலை வலிக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நாற்காலிகளை இறக்கி முடித்துவிட்டு வெளியே வந்தேன். உன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் வெள்ளையாக வந்த சந்தோஷம் முகத்தில் இல்லை. உள்ளே கான்டாக்டர் டக்கென்று விடுவதும் பிடிப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கை தானாக ஸ்விட்ச் இருக்கிற பக்கம் லேசாக அசைந்தது. என்ன என்று கேட்டேன். "அப்போ இனிமே நான் எதுக்கு?" என்றார்.

வேடிக்கையாகக் கேட்கவில்லை. பக்கத்தில், இன்னும் சூடு ஆறாத ஒரு வெள்ளை நாற்காலியைத் துணி போட்டு இழுத்து அதில் உட்கார்ந்தேன்.

"ஓவனுக்கு ஆள் கிடைச்சாச்சு. எனக்கு வேற ஆள் கிடைக்குமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, சாப்பாட்டை இங்கேயே எடுத்து வந்துவிடு, இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றார்.

அண்ணி